மடக்குக் கத்தி வாங்குமுன்

மண்வெட்டியையும் கோடரியையும் விட்டுவிட்டு வந்தவரின் மடியிலும் பல வேளைகளில் ஒரு மடக்குக் கத்தி மிஞ்சியிருக்கும். அது தேய்ந்து, புதியதொன்று வாங்கப் போனால் நாம் முதலில் நீளத்தையே பார்க்கிறோம். அது போதுமா?

அமெரிக்க நாட்டுப்புறத்தில் நெடுங்காலம் பழக்கத்திலுள்ள இரு வகைகளை ஒப்பிட்டுப் பார்ப்போம். 'ட்ரப்பர்' என்பது பொறிவைத்து விலங்கு பிடிப்போரின் கத்தி. மடித்தால் ஏறத்தாழ 10.5 செ.மீ. நீளம், அலகுகள் இரண்டு. தோலுரிக்க நீண்ட அலகு உதவும். 'ஸ்ரொக்மன்' மாடு வளர்ப்போருடையது. அதன் நடுத்தர அளவு ஏறத்தாழ 9 செ.மீ. மட்டுமே, அலகுகளோ மூன்று. கூர்நுனி அலகு கயிறும் சாக்கும் வெட்ட ஏற்றது. நேர்விளிம்பு அலகால் ஒட்டுக் கிளையைச் சீராகச் சீவலாம். நுனி மழுங்கிய அலகு கன்றுக்கு நலமடிக்கும்போது தவறிக் குத்தாதிருக்க அமைந்தது. அவ்வேலையை இன்று நாம் மிருக வைத்தியரிடம் விடுவோம்.

ஆகவே தோட்ட வேலைக்குச் சிறிய கத்தியே கூடப் பயன் தரலாம். ஆனால் நாள் முழுதும் வெட்டுபவருக்குப் பிடி உள்ளங்கையை நிறைக்க வேண்டும். இல்லையேல் கை நோகும்.

இவ்விரண்டிலும் திறந்த அலகை வில் மட்டுமே தாங்குகிறது, பூட்டு இல்லை. நுனியை ஊன்றிக் குத்தினால் அலகு மடிந்து விரலை வெட்டும். பிரான்சின் ஒப்பினல் கத்திக்கு 1955இல் வளையப் பூட்டுச் சேர்த்ததும் அலகு இவ்வாறு மடியாதிருக்கவே.

கடையில் கத்தியைத் திறந்து அலகை மெல்ல அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் ஆடினால் வாங்காதீர்கள்.