பால்கனி விளக்கும் பங்குனி ஆமையும்

விடுமுறைக்குக் குடும்பத்தோடு கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் ரிசார்ட்டில் ரூம் போட்டிருக்கிறீர்களா? ராத்திரியில் கடலைப் பார்த்த பால்கனியில் விளக்கு எரிந்தால் யாருக்குத் தொந்தரவு, சொல்லுங்கள் பார்ப்போம்!

பங்குனி ஆமைக் குஞ்சுகளுக்குத்தான். தை, மாசியில் தாய் ஆமை மணலில் குழி தோண்டி முட்டையிட்டுவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். ஏறக்குறைய ஒன்றரை மாதம் கழித்து, பெரும்பாலும் இரவில், குஞ்சுகள் மேலே வரும். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், அவ்வளவு சின்னது! வழிகாட்ட அம்மா இல்லை. எந்தப் பக்கம் வெளிச்சமோ அங்கேதான் கடல் என்று நடக்கும். ஹோட்டல் விளக்கு கடலைவிடப் பளிச்சென்று இருந்தால், பாவம், ரோட்டுப் பக்கம் போய்விடும்.

பங்குனி, சித்திரையில் போகிறவர்கள், இருட்டியதும் பால்கனி விளக்கை அணைத்துவிட்டுத் திரையையும் இழுத்துவிடுங்கள். ஏன் என்று பிள்ளைகளிடமும் சொல்லுங்கள்.