நித்திரைக்கும் உரிமை உண்டு

சிவகாசி வெடிக்கும் மனிதனின் நித்திரைக்கும் சட்ட சம்பந்தம் ஒன்றுண்டு. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஓசையெழுப்பும் வெடிகளைக் கொளுத்தலாகாதென்று சுப்ரீம் கோர்ட்டார் 2005-ஆம் வருஷத்தில் உத்தரவிட்டனர். டில்லி ராம்லீலா மைதானத்தில் உறங்கிக்கொண்டிருந்த ஜனங்கள்மீது போலீசார் நள்ளிரவில் பாய்ந்த வழக்கில், 2012-இல், அரசியல் சட்டத்தின் 21-ஆம் ஷரத்து அளிக்கும் ஜீவாதார உரிமையில் நித்திரையும் அடங்கும் என்று தீர்ப்புக் கூறினர். உறங்குகிறவனைச் சோம்பேறி என்று ஏசிப் பழகிய நம்மவர்களுக்கு இது விந்தையாகத் தோன்றலாம்.

ஆனால் அவ்வெடியைச் செய்த பிரதேசத்தின் குழந்தைகள் உறங்கியது எந்நேரம்? 1980-களின் தொடக்கத்தில், தீப்பெட்டி, பட்டாசுத் தொழிற்சாலைகளின் பஸ்கள் அதிகாலை 3 மணிக்கும் 5 மணிக்கும் இடையே கிராமங்களுக்குச் சென்று சிறுவர் சிறுமியரை ஏற்றி வந்தன. அவர்களைத் தட்டியெழுப்புவதற்கென்றே ஏஜண்டுகள் இருந்தனர். வீடு திரும்புகையில் பொழுது சாய்ந்துவிடும். எம். ஸி. மேத்தா என்னும் வக்கீல் 1986-இல் தொடுத்த வழக்கில், 1996 டிஸம்பர் 10-ஆம் தேதி தீர்ப்பாயிற்று. சட்டவிரோதமாக அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்தக் கடவர் என்றது அது. கூலியைப் பற்றியும் மருந்துப் பொடியைப் பற்றியும் நாம் நிறையப் பேசினோம். களவுபோன தூக்கத்துக்குக் கணக்குக் கேட்டவர் எத்தனை பேர்?

குழந்தைகளை ஏற்றிய அப்பஸ்களின் காலம் பெரும்பாலும் போயிற்று. இப்பொழுது குழந்தையை எழுப்புவது பரீட்சை. காமராஜர் பிறந்த ஜில்லா பிளஸ் டூ தேர்ச்சியில் பல வருஷங்கள் தமிழ்நாட்டிலேயே முதலாவதாக நின்றது. அப்பெருமையை நாம் குறைத்துப் பேச வரவில்லை. எனினும் இரவு 11 மணி வரை பாடம், விடியுமுன் ட்யூஷன் என்ற வழக்கம் நம் ஊர்களில் எங்கும் பரவியிருக்கிறதே, அது கல்விக்கே கேடு. கற்றது மனத்தில் படிவது நித்திரையில்தான். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம் உறங்க வேண்டுமென்பது வைத்தியர் கணக்கு. அவ்வயதில் உறக்கத்தைக் கூட்டும் மெலடோனின் என்னும் சுரப்பு இரவில் தாமதித்தே ஊறுகிறது. பையன் காலையில் எழ மறுப்பதில் பாதி அவன் தேகத்தின் கடிகாரம் செய்யும் வேலை. இதை யோசித்தே கலிபோர்னியாவில், 8.30 மணிக்கு முன் உயர்தரப் பள்ளி திறக்கலாகாதென்ற சட்டம் 2022 முதல் நடப்பில் இருக்கிறது. நமது வெயிலில் காலைக் குளிர்ச்சியே படிப்புக்கு உகந்தது என்பர் உபாத்தியாயர். நியாயந்தான். அப்படியானால் 9 மணிக்கே விளக்கை அணைக்க விடட்டும். தூக்கமற்ற பிள்ளைக்கு அற்ப விஷயத்துக்கும் கோபம், அழுகை, காரணமற்ற அச்சம். அதைத் திமிர் என்று அடிக்கிறோம். (கைப்பேசியின் பங்கு வேறு; அதில் பெற்றோரும் நிரபராதிகள் அல்லர்.)

ஒற்றை அறை வீட்டில் பேரனின் விளக்கு தாத்தாவின் முகத்தில் விழுகிறது. வயதேற ஏற உறக்கம் மெலிவதும், விடியுமுன் கலைவதும் இயல்பு. ஆனால் வாரக்கணக்கில் உறக்கமே கொள்ளாமை இயல்பன்று. அத்தகையோருக்கு மனச்சோர்வு நோய் பற்றும் அபாயம் சுமார் இரு மடங்கு என்று ஆராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர். நம் வீடுகளிலோ "வயதாகிவிட்டது" என்ற ஒரு சொல்லோடு விஷயம் முடிகிறது. அல்லது கடையில் மாத்திரை வாங்கப்படுகிறது. தூக்க மாத்திரை முதியோரைத் தடுமாறி விழச் செய்யும், புத்தியை மயக்கும். படுக்கும் நேரத்தையும், உறக்கம் பற்றிய கவலையையும் ஒழுங்குசெய்யும் மாத்திரையற்ற சிகிச்சையையே முதலில் கையாளும்படி அமெரிக்க வைத்தியர் கல்லூரி 2016-இல் கூறிற்று. 1983-இல் பத்து வயதில் அந்தப் பஸ்ஸில் ஏறியவர்களும் ஐம்பதைத் தாண்டிவிட்டனர் என்பதை இங்கே நினைக்க வேண்டும்.

சர்க்கார் 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று ரத்த அழுத்தமும் நீரிழிவும் பார்க்கிறார்கள். "இரவில் எப்படித் தூங்கினீர்கள், ஐயா?" என்ற கேள்வியையும் அவர்கள் கேட்கலாம். காலை 8 மணிக்கு முன் விசேஷ வகுப்பு கூடாதென்று ஜில்லாக் கல்வி அதிகாரி ஒரு சுற்றறிக்கை விடலாம். அடுத்த பரீட்சைக்கு முன் அதை எதிர்பார்க்கிறோம்.