ஒன்ராறியோவில் பராலீகல் கல்வி: பட்டமும் அநுமதிப் பத்திரமும்

வட அமெரிக்கா முழுவதிலும் பராலீகல் என்ற உத்தியோகத்துக்கு ஒரே அந்தஸ்து உண்டென்று எண்ணிவிடலாகாது. ஐக்கிய அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் அவர் வழக்கறிஞரின் மேற்பார்வையில் பத்திரங்களைத் தயாரித்தும் சாட்சியங்களைத் தொகுத்தும் கொடுக்கும் உதவியாளர். கட்சிக்காரருக்குத் தாமே ஆலோசனை சொல்லவோ நியாயஸ்தலத்தில் எழுந்து வாதிக்கவோ அவருக்கு அதிகாரம் இல்லை. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலோ, 2007ஆம் ஆண்டு முதல், அவர் தம் பெயரிலேயே அநுமதிப் பத்திரம் பெற்று, சொந்த அலுவலகம் நடத்தி, சில வகை வழக்குகளில் கட்சிக்காரருக்காக நேரில் ஆஜராகிறார். ஈழத் தமிழர் பெருந்திரளாக வாழும் ரொறன்ரோவும் ஸ்கார்பரோவும் அந்த மாகாணத்திலேயே இருப்பதால், இந்தக் கல்வியைப் பற்றித் தமிழ்க் குடும்பங்கள் தெளிவாக அறிந்திருப்பது அவசியம்.

இந்த உரிமை எளிதில் வந்ததன்று. பிரையன் லோரி என்ற முன்னாள் போலீஸ்காரர் 1984இல், போக்குவரத்துக் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காகக் கட்டணம் பெற்று வாதாடும் ஸ்தாபனம் ஒன்றைத் தொடங்க, மாகாண வழக்கறிஞர்களை ஒழுங்குபடுத்தும் சட்ட சங்கம் அதை எதிர்த்து நியாயஸ்தலம் சென்றது. அத்தகைய வழக்குகளில் வழக்கறிஞரல்லாத பிரதிநிதியும் கட்டணம் பெற்று ஆஜராகலாம் என்று மாகாண மேல்முறையீட்டு நீதிமன்றம் 1987இல் தீர்ப்பளித்தது. கதவு திறந்ததே தவிர, உள்ளே நுழைபவரின் தகுதியைச் சோதிக்க எவரும் இல்லை. பயிற்சியும் பொறுப்பும் இல்லாத சிலரிடம் ஏழைகள் பணத்தையும் வழக்கையும் ஒருங்கே இழந்தார்கள். கனடாவின் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற பீட்டர் கோரி, பராலீகல்களை ஒழுங்குபடுத்தவேண்டிய அவசியத்தை 2000ஆம் ஆண்டு அறிக்கையில் விரிவாக எடுத்துரைத்தார்; 2006இல் சட்டம் இயற்றப்பட்டு, மறு ஆண்டில் சட்ட சங்கத்தின் அநுமதிப் பத்திர முறை அமலுக்கு வந்தது. ஆகவே இன்றைய பாடத்திட்டத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் பின்னால், முன்பு எவரோ ஏமாற்றப்பட்ட அநுபவம் நிற்கிறது என்று கொள்ளுவதே பொருத்தம்.

சிறு கோரிக்கை நீதிமன்றம், வீட்டுச் சொந்தக்காரருக்கும் வாடகைக்கு இருப்போருக்கும் இடையிலான தகராறுகளை விசாரிக்கும் தீர்ப்பாயம், போக்குவரத்து வழக்குகள், சிறு குற்ற வழக்குகள் சில ஆகியவை பராலீகலின் களம். சிறு கோரிக்கை நீதிமன்றத்தின் வரம்பு 2010இல் 25,000 டொலராகவும், 2020இல் 35,000 டொலராகவும், 2025 அக்டோபரில் 50,000 டொலராகவும் உயர்ந்து வந்திருப்பதால், அந்தக் களம் நாளுக்கு நாள் விரிகிறது. உயில் எழுதுவதும் வீடு வாங்கி விற்கும் பத்திர வேலையும் அவருக்கு உரியவையல்ல.

படிப்பில் இரு வழிகள் உண்டு. செனெகா போன்ற கல்லூரிகளில் இரண்டாண்டு டிப்ளோமாவும், ஹம்பரில் நான்காண்டுப் பட்டப்படிப்பும் நடைபெறுகின்றன. அநுமதிப் பத்திரத்துக்குப் பட்டம் கட்டாயமில்லை. சட்ட சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற பாடநெறியாக இருக்கவேண்டும் என்பதே நிபந்தனை. ஆயினும், வயதும் வசதியும் இடங்கொடுக்கிற மாணவருக்கு நான்காண்டுப் பட்டமே மேல் என்பது என் அபிப்பிராயம். முன்தீர்ப்புகளைத் தேடிப் படித்து, அவற்றின் சாரத்தைப் பிழையின்றி எழுதும் ஆற்றல் அவசரத்தில் கைகூடுவதன்று. பிற்காலத்தில் சட்டக் கல்லூரிக்குச் செல்ல விரும்பினாலும், பட்டம் அந்த விண்ணப்பத்துக்கு வழி திறந்து வைக்கிறது.

ஒப்பந்தம், சாட்சியச் சட்டம், வழக்கு நடைமுறை, வாதத்திறன் ஆகியவற்றோடு 120 மணி நேரக் களப்பயிற்சியும் உண்டு. இவற்றுள் நடைமுறைப் பாடத்தை மாணவர்கள் வறண்ட விஷயம் என்று அலட்சியம் செய்வதுண்டு. உண்மையில் உயிர்நாடி அதுவே. வாடகைப் பாக்கிக்காகக் கொடுக்கும் 'என் 4' என்ற அறிவித்தலில், வெளியேறவேண்டிய தேதி ஒரு நாள் பிசகிக் கணக்கிடப்பட்டிருந்தாலும், மாதக்கணக்காகக் காத்திருந்த விண்ணப்பம் விசாரணை நாளன்று தள்ளுபடியாகி, மறுபடியும் முதலிலிருந்து தொடங்க நேரிடலாம். அந்தப் பிசகைக் கண்டு சொல்லத் தெரிந்தவர் குடியிருப்பவர் பக்கம் இருந்தால், ஒரு குடும்பம் தெருவுக்கு வராமல் தப்புகிறது. கடனைக் கோருவதற்குச் சாதாரணமாக இரண்டாண்டுக் கெடு உண்டு என்பதை அறியாமல், உறவினர் என்ற தாட்சண்யத்தால் வாளாவிருந்து, கொடுத்த பணத்தை இழந்தோர் நம் சமூகத்திலும் உண்டு.

படிப்பு முடிந்தபின் சட்ட சங்கத்தின் பரீட்சையில் தேறி, நன்னடத்தையை நிரூபித்து, தொழில் செய்வோர் பொறுப்புக் காப்புறுதியும் பெறவேண்டும். அதன் பின்னரும் ஆண்டுதோறும் 12 மணி நேரம் தொடர்கல்வி கட்டாயம். அதில் மூன்று மணி நேரமாவது தொழில் ஒழுக்கம் முதலியவற்றுக்கு ஒதுக்கப்பட்டிருப்பதை நான் மிகவும் மதிக்கிறேன். தம் மொழியிலேயே பேசும் ஒருவரிடம் அகதியாக வந்த முதியவர் எதையும் கேளாமல் கையெழுத்திட்டுவிடுவார். அந்த நம்பிக்கையை ஏந்தி நிற்பவர், 'இது என் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல, வழக்கறிஞரிடம் செல்லுங்கள்' என்று சொல்லும் துணிவையும் கல்லூரியிலேயே பழகியிருக்கவேண்டும்.

குடும்பச் சட்டம் நெடுங்காலம் பராலீகல்களுக்கு மூடியே இருந்தது. நீதிபதி ஆன்மரி பொன்கலோவின் அறிக்கை 2017இல் அந்தத் தடையைத் தளர்த்தும்படி பரிந்துரைத்தது. தனிப் பயிற்சி பெற்றோருக்குக் குடும்ப வழக்குகள் சிலவற்றில் பணியாற்ற அநுமதி வழங்கும் திட்டத்தைச் சட்ட சங்கம் 2022 டிசம்பரில் ஏற்றுக்கொண்டது. இன்று கல்லூரியில் சேரும் மாணவர் தொழிலுக்கு வரும்போது இந்த எல்லைகள் மேலும் மாறியிருக்கக்கூடும். அங்கீகாரப் பட்டியலும் அவ்வாறே மாறக்கூடியது. ஆதலால் தனியார் கல்லூரியின் விளம்பரத்தை மட்டும் நம்பாமல், கட்டணம் செலுத்துமுன் சட்ட சங்கத்தின் பட்டியலில் அந்தக் கல்லூரியின் பெயர் அன்றைய தேதியில் இருக்கிறதா என்று பெற்றோரும் மாணவரும் தாமே பார்த்துக்கொள்ளவேண்டும். அங்கீகாரமில்லாத பாடநெறியில் படித்தவர் பரீட்சைக்கு அமரவே இயலாது.