அடைவுப் பட்டியலில் தமிழ்ப் பெயர்கள்: உச்சமுனைக் கோப்புகளை முன்வைத்துச் சில குறிப்புகள்

கற்பிட்டிக் குடாநாட்டை அண்டி, ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்பு நீரும் சூழ அமைந்த ஒடுங்கிய மணல் நிலப்பரப்புகளுள் ஒன்று உச்சமுனை. மீன்பிடியை வாழ்வாகக் கொண்ட மக்கள் அங்கு வாழ்கின்றனர். கற்பிட்டியை அண்டிய 14 தீவுகளை உள்ளடக்கிய சுற்றுலாத் திட்டம் 2000களில் முன்வைக்கப்பட்டபோது அவற்றுள் உச்சமுனையும் இடம்பெற்றது. வலை உலர்த்திய கரைக்கும் வாடி அமைத்த மணலுக்கும் யார் உரிமையாளர் என்னும் வினா அதன்பின் கூர்மையடைந்தது. உறுதிப்பத்திரம் இல்லாதவனின் உரிமைக்கு வாய்மொழிச் சான்றும், அவன் வழங்கிவந்த இடப்பெயருமே பெரும்பாலும் ஆதாரங்கள். இத்தகைய ஆதாரங்கள் இன்று ஒலிப்பதிவாகவும் குறிப்பாகவும் கணினிக் கோப்புகளில் தங்கியுள்ளன. எனவே கோப்புகளைப் பட்டியலிடுகையில் எழும் வழுக்களைப் பற்றிய இக்கட்டுரையைத் தொழினுட்பவியலாளருக்கு மட்டும் உரியதென நாம் கருதவில்லை.

அண்மையில் இக்கரையோர ஊர்களின் பெயர் தாங்கிய கோப்புகள் சில எமது கைக்கு வந்தன. லினக்ஸ் இயங்கும் பழைய மேசைக்கணினி ஒன்றிலே, முனையத்தைத் திறந்து ‘எல்எஸ்’ என்னும் இரண்டெழுத்துக் கட்டளையை இட்டோம். (உச்சமுனையைத் தேடுபவன் முனையத்திற்குச் செல்லவேண்டியிருப்பது பொருத்தமே.) ஊர்ப்பெயர்கள் வரவில்லை, வரிவரியாக வினாக்குறிகள் வந்தன. உடனிருந்த நண்பர், எல்லாம் பழுதடைந்துவிட்டன, தட்டைத் துப்புரவாக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்குவோம் என்றார். அவ்வாறு செய்திருப்பின், பழுதேதுமற்ற ஒலிப்பதிவுகள் எமது கையாலேயே அழிந்திருக்கும்.

யுனிக்ஸ் மரபில் வந்த கணினியில் அடைவு என்பது ஒரு பதிவேடு. அதில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஓர் எண், ஐநோட் எண் எனப்படுவது, குறிக்கப்பட்டிருக்கும். கோப்பின் உள்ளடக்கம் தட்டின் வேறிடத்தில் உள்ளது. நூலகத்து அட்டைப்பேழையை இதற்கு ஒப்பிடலாம். அட்டையில் எழுத்து மங்கியிருப்பதால் அலுமாரியிலுள்ள நூல் கிழிந்துவிட்டதாக யாரும் கொள்வதில்லை. எல்எஸ் கட்டளை அட்டையை மாத்திரமே வாசிக்கின்றது.

அவ்வினாக்குறிகளை நாம் எண்ணிப் பார்த்தோம். உச்சமுனைக்குரிய வரியில் 24 இருந்தன. இவ்வெண்ணிக்கையே நோயை இன்னதென்று காட்டிவிட்டது. உச்சமுனை என்பது தமிழனுக்கு ஐந்தெழுத்து. யுனிகோட் முறையில் உயிர்க்குறிகளும் புள்ளியும் தனித்தனி இடம் பெறுவதால் அது எட்டுக் குறியீடுகள் ஆகின்றது. 1992இல் கென் தொம்சனும் றொப் பைக்கும் வகுத்த யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளைப் பெறுகின்றது. எட்டு மும்மூன்று இருபத்துநான்கு. ஆகவே தட்டிலே பெயர் ஒரு பைட்டும் குறையாது இருந்தது. அதனை எழுத்தாக ஏற்கக் கணினியே மறுத்தது.

மறுப்புக்குக் காரணம் லொகேல் எனப்படும் மொழிச்சூழல் அமைப்பு. அது ‘சி’ என்னும் பழைய நிலையில் இருந்தால், ஆங்கில எழுத்துகளையும் சில குறிகளையும் தவிர்ந்த யாவும் அச்சிடத்தகாதவை எனக் கொள்ளப்படும். 1969இல் பெல் ஆய்வுகூடத்தில் யுனிக்ஸ் உருவாகத் தொடங்கியபோது உலகத்து மொழிகள் அதன் கணக்கில் இருக்கவில்லை. அந்த மனநிலையின் எச்சமே இது. 2016இன் பின் வந்த எல்எஸ் பதிப்புகள் வினாக்குறிக்குப் பதிலாக எண்களைக் காட்டுகின்றன: 340, 256, 211 என்னும் மூன்றும் சேர்ந்தது உகரம். பார்வைக்கு இவை மேலும் அச்சமூட்டினும் உண்மையில் நேர்மையானவை. பரிகாரம் எளிது. ‘லொகேல்’ என்னும் கட்டளையால் நடப்பு நிலையை அறிந்து, ‘எல்சி_ஆல்’ என்னும் மாறிக்கு யூடிஎஃப்-8 வகை மொழிச்சூழல் ஒன்றை வழங்கினால் ஊர்கள் தம் பெயருடன் திரும்பிவரும். அதன் பின்னரும் கட்டங்களோ புள்ளிகளோ தோன்றின், குறை எழுத்துருவில் உள்ளது. வரைகலை இடைமுகமற்ற வெறுந்திரை தமிழைச் செவ்வனே வரையவல்லதன்று.

எல்லா வினாக்குறிகளும் ஒன்றல்ல என்பதை இவ்விடத்து வற்புறுத்த வேண்டும். விரிவான பட்டியலைக் கேட்கும்போது சிலவேளை பெயர் தெளிவாகத் தெரிய, அளவு, திகதி, உரிமையாளர் ஆகிய நிரல்களில் மட்டும் வினாக்குறிகள் நிற்கும். இது மொழிச்சிக்கல் அன்று. அடைவொன்றில் வாசிப்பு அனுமதி பெயர்களைப் பார்க்கும் உரிமை. இயக்க அனுமதி உள்ளே புகும் உரிமை. முன்னது இருந்து பின்னது இல்லாவிடின் பெயரைக் காணலாம், அதற்குரிய விபரத்தை எட்டமுடியாது. பின்னது மட்டும் இருப்பின் பட்டியல் மறுக்கப்படும்; ஆயினும் சரியான பெயரை முன்னரே அறிந்தவர் கோப்பைத் திறந்துவிடலாம். வேறொரு லினக்ஸ் கணினியிலிருந்து கொணர்ந்த தட்டுகளில் இது அடிக்கடி நேரும். தட்டு உரிமையாளரைப் பெயரால் அன்றிப் பயனர் எண்ணாலேயே நினைவில் வைக்கின்றது. அங்கே 1001 ஆக இருந்தவர் இங்கே எவருமில்லை.

அதே வினாக்குறிகளுடன் உள்ளீட்டு வெளியீட்டு வழு என்னும் செய்தியும் வருமாயின் நிலைமை வேறு. இங்கேதான் உண்மையான இழப்பு அணுகுகின்றது. தட்டு பழுதாகியிருக்கலாம், அல்லது உப்புக்காற்று அரித்த இணைப்புமுனை காரணமாகலாம். முதலில் வடத்தை மாற்றிப் பார்க்கவேண்டும். வழு தொடர்ந்தால் மீண்டும் மீண்டும் பட்டியலிடுவதும், திருத்தும் கட்டளைகளை அத்தட்டின் மீதே ஏவுவதும் தீங்கானவை. டிடிரெஸ்கியூ போன்ற கருவியால் தட்டின் முழுப்பிரதியை வேறிடத்துக்கு எடுத்து, திருத்தத்தைப் பிரதியிலேயே முயலவேண்டும்.

பாமினி எழுத்துருவால் விளையும் இடர் ஈழத்தவருக்குச் சிறப்பாக உரியது. பாமினியில் தமிழ் என்பது தோற்றம் மட்டுமே. உள்ளே இருப்பவை ஆங்கில விசைகள். உகரத்துக்குச் சிறிய சீ, சகரத்துக்கு ஆர், முகரத்துக்குப் பெரிய கே, ஐகாரக் குறிக்குச் சிறிய ஐ, னகரத்துக்கு டீ. மெய்யின் புள்ளிக்கோ அரைப்புள்ளி. பழைய ஆவணத்தின் தலைப்பை அப்படியே பிரதிசெய்து கோப்புறைக்குப் பெயரிட்டால், உச்சமுனை ஏழு விசைகளின் புரியாத கோவையாகிவிடும். அதனை எல்எஸ் கட்டளையின் பின் தட்டெழுதினால் இரு வழுக்கள் ஒருங்கே எழும். ஒன்று, ‘அத்தகைய கோப்பு இல்லை’. மற்றது, ‘அத்தகைய கட்டளை இல்லை’. தொல்காப்பியர் மெய்யெழுத்துக்கு இலக்கணமாக்கிய புள்ளி, ஷெல்லுக்கு ஒரு கட்டளையின் முடிவு. அது பெயரைப் புள்ளியில் வெட்டி, எஞ்சிய பாதியைப் புதிய கட்டளையாகக் கொள்கின்றது.

இவ்விரு செய்திகளின் தொடக்கச் சொல்லை வாசகர் கவனிப்பாராக. முதலாவது ‘எல்எஸ்’ எனத் தொடங்கும். இரண்டாவது ஷெல்லின் பெயரால் தொடங்கும். யார் முறையிடுகின்றார் என்பதை அறிந்தாற் பாதித் தெளிவு பிறந்துவிடும். பெயரை ஒற்றை மேற்கோட்குறிகளுள் இட்டால் ஷெல் அதனை வெட்டாது. மாறாக, குறியிடாத அதே பெயரை அழிக்கும் கட்டளையின் பின் இட்டால், புள்ளிக்கு முந்திய பாதியைப் பெயராகக் கொண்ட வேறொரு கோப்பு இருப்பின் அது அழிந்துபோகும்.

கொத்தாந்தீவுக் கோப்பு இன்னொரு விந்தையைக் காட்டும். பட்டியலிலே அப்பெயர் இருமுறை, எழுத்துக்கெழுத்து ஒரே மாதிரியாகத் தோன்றக்கூடும். ஒன்றைத் தட்டெழுதித் திறந்தால் மற்றது ஒருபோதும் திறக்காது. ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். எகரக் கொம்பும் காலும் என இரண்டாகவும் எழுதலாம். முன்னதற்கு மூன்று பைட்டுகள், பின்னதற்கு ஆறு. அப்பிளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை பெயர்களை இவ்வாறு பிரித்தே வைத்தது. லினக்ஸ் தந்ததைத் தந்தவாறே வைப்பதால் இரண்டும் இரு கோப்புகள். ஐநோட் எண்ணைக் கேட்டறிந்து, அவ்வெண்ணைக் கொண்டு ஒன்றுக்கு வேறு பெயர் சூட்டலாம். நீண்ட தலைப்பை விரும்புவோர் இன்னொன்றையும் மனங்கொள்க: லினக்ஸில் வழக்கமான ஈஎக்ஸ்டி4 முறைமையில் ஒரு பெயருக்கு 255 பைட்டுகளே எல்லை. ஆங்கிலத்துக்கு 255 எழுத்து. தமிழுக்கு 85 குறியீடு.

பெயர்கள் திரும்பிய பின்னும் எமது பட்டியலில் ஒரு குறை இருந்தது. முந்தல், முன்னேஸ்வரம், முள்ளிப்புரம் என்று அது நின்றது. எமது நெடுங்கணக்கில் ளகரத்துக்குப் பின்னரே றகரமும் னகரமும் வரும், முள்ளிப்புரம் முந்தியிருக்கவேண்டும். 1991இல் யுனிகோட் தமிழுக்கு இடம் ஒதுக்கியபோது, இந்திய மொழிகளுக்குப் பொதுவாக வகுக்கப்பட்ட இஸ்கி அட்டவணையைப் பின்பற்றியது. அதனால் னகரம் நகரத்தின் அருகிலும், றகரம் ரகரத்தின் அருகிலும் குடியமர்த்தப்பட்டன. வெறும் குறியீட்டெண்ணால் வரிசைப்படுத்தும் ‘சி.யூடிஎஃப்-8’ சூழலை நாம் அவசரத்தில் தெரிந்திருந்தோம். கற்பிட்டி என்றும் கல்பிட்டி என்றும் இருவகையாக எழுதப்படும் ஊரும் அதே காரணத்தால் முறைமாறி நின்றது. இலங்கைத் தமிழுக்குரிய மொழிச்சூழலை நிறுவி மீண்டும் பட்டியலிட்டபோது முள்ளிப்புரம் தன் இடத்துக்கு வந்தது. இகரத்தில் தொடங்கும் இப்பந்தீவுக்கும் உகரத்து உடப்புக்கும் இடையே உச்சமுனை இருந்தது. அதனுள் இருந்த ஒலிப்பதிவை அன்று மாலையே கேட்டோம்.