கவனக்குவிப்பு (கல்வி)

கவனக்குவிப்பு என்பது, புலன்களை எட்டும் பலவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுத்து, ஏனையவற்றை விலக்கி, அதன்மீது மனத்தைச் செலுத்துதல் ஆகும். வகுப்பில் கூறப்படுவதைப் புரிந்துகொள்வதற்கும் கற்றதை நினைவில் இருத்துவதற்கும் இது அடிப்படையாகும். சிலருக்கு மட்டுமே வாய்த்த பிறவித் திறனாக இது கருதப்படுவதுண்டு. எனினும் சூழல், உறக்கம், பயிற்சி ஆகியவற்றைப் பொறுத்து இது பெரிதும் மாறுபடும்.

இயல்பு

அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890இல் வெளியிட்ட உளவியல் நூலில், முயன்று செலுத்தும் கவனம் ஒரு வேளையில் சில நொடிகளே நிலைக்கும் என்றார். நீடித்த கவனம் எனப்படுவது, விலகும் மனத்தை மீண்டும் மீண்டும் பொருளுக்குக் கொண்டுவரும் முயற்சியே என்பது அவர் விளக்கம். ஆகவே பாடத்தின் நடுவே மனம் அலைவது குறைபாடு அன்று. அலைந்ததை உணர்ந்து மீட்பதே பயில வேண்டிய திறனாகும்.

கவனத்தின் எல்லை

கொலின் செர்ரி என்பவர் 1953இல் வெளியிட்ட ஆய்வில், இரு செவிகளிலும் வெவ்வேறு பேச்சுகளை ஒலிக்கச் செய்து, ஒன்றை மட்டும் திருப்பிக் கூறுமாறு பணித்தார். மற்றைய செவியில் என்ன பேசப்பட்டது என்பதைக் கேட்போர் ஏறத்தாழ அறியவே இல்லை. பாடம் கேட்டுக்கொண்டே செய்தி படிப்பவர் உண்மையில் இரண்டையும் ஒருங்கே செய்வதில்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுகிறார். ஒவ்வொரு தாவலிலும் பாடத்தின் ஒரு பகுதி தவறுகிறது.

தமிழகத்தின் கவனகக் கலை இதற்கு விலக்குப் போலத் தோன்றலாம். சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் (1874–1950) இக்கலையில் புகழ்பெற்றவர். ஆயினும் கவனகர், பலர் தொடுக்கும் வினாக்களை ஒவ்வொன்றாக வாங்கி நினைவில் இருத்தி, உரிய நேரத்தில் மீட்டு விடையளிக்கிறார். இது நெடுநாட் பயிற்சியின் பயனாகும்.

வகுப்பறையில்

கனடாவில் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வொன்றில், விரிவுரையின்போது மடிக்கணினியில் வேறு பணிகளைச் செய்த மாணவர்கள் தேர்வில் குறைந்த மதிப்பெண் பெற்றனர். அவர்களுடைய திரை கண்ணிற்படும் இடத்தில் அமர்ந்திருந்தோரின் மதிப்பெண்களும் குறைந்தன. எனவே கவனம் தனி மாணவரின் மன உறுதியை மட்டும் சார்ந்ததன்று. பின்வருவன பயன் தரும்:

- கண்ணும் காதும் ஆசிரியரை எளிதில் எட்டும் இடத்தில் அமர்தல்.
- கைப்பேசியைக் கைக்கு எட்டாத இடத்தில் வைத்தல்.
- கேட்டதைச் சொந்தச் சொற்களில் குறித்தல்.
- புரியாத இடத்தை உடனே குறித்துக்கொண்டு பின்னர் வினவுதல்.

அன்றாட வாழ்வில்

இத்தாலியரான பிரான்செசுகோ சிரில்லோ 1980களின் இறுதியில், மாணவராக இருந்தபோது, தக்காளி வடிவச் சமையலறைக் கடிகையைக் கொண்டு படிப்பு நேரத்தைப் பகுத்தார். 25 நிமிடம் ஒரே பணி, பின்னர் சுமார் 5 நிமிட ஓய்வு என்பது இம்முறை. இத்தாலிய மொழியில் தக்காளியைக் குறிக்கும் 'பொமோடோரோ' என்ற பெயரால் இது வழங்குகிறது.

உறக்கக் குறைவு கவனத்தை நேரடியாகத் தாக்கும். அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016இல், 13 முதல் 18 வயதினருக்கு நாள்தோறும் 8 முதல் 10 மணி நேர உறக்கத்தைப் பரிந்துரைத்தது. தேர்வுக்கு முன்னிரவு முழுதும் விழித்திருப்பது இதற்கு நேர்மாறானது.

நீடித்த கவனக்குறைவு

பார்வைக் குறை, செவிக் குறை, பசி, வீட்டுக் கவலை, கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு ஆகியனவும் காரணமாகலாம். கரும்பலகை தெளிவாகத் தெரியாத குழந்தை சோம்பேறி எனத் தண்டிக்கப்படுவதுண்டு. ஆகையால் கண்டிப்பதற்கு முன்னர்க் காரணத்தை ஆராய்வதும், தேவையெனில் மருத்துவரை நாடுவதும் பெற்றோர், ஆசிரியர் கடமையாகும்.