சிங்கமீனை இரைக்குப் பழக்குதல்

இலங்கைக் கடலின் பவளப்பாறைகளில் வாழும் சிங்கமீன், அழகு பற்றிக் கண்ணாடித் தொட்டிகளில் வளர்க்கப்படுவது. உயிருள்ள சிறுமீனையும் இறாலையும் வேட்டையாடி உண்ணும் இம்மீன், அசையாத பொருளை இரையென அறியாது. ஆகையால் உணவு எதிரே கிடக்கவும் பட்டினியால் மடிதல் உண்டு.

வயல் வாய்க்காற் குஞ்சுமீன்களை நாடோறும் இதற்கு இரையாக்கல் தகாது. நன்னீர் மீனின் கொழுப்புக் கடல்மீனுக்கு ஏற்றதன்று. நாளடைவில் ஈரல் கெடும். பூச்சிநாசினி தெளித்த வயலின் மீன் நஞ்சுமாகலாம்.

முதற் சில நாட்களுக்கு உயிருள்ள சிறு இறால்களை இடுக. பின்னர், புதிய செத்த இறாலை நீண்ட குச்சியின் முனையிற் செருகி, மீனின் முன்னே மெல்ல அசைத்தல் வேண்டும். கவ்வாவிடின் எடுத்துவிட்டு மறுநாள் முயல்க. பழகிய பின், வளர்ந்த மீனுக்கு வாரத்தில் இரண்டு மூன்று முறை உணவு போதும். எஞ்சியதை உடனே அகற்றுக. அழுகினால் நீர் கெடும்.

கொழும்பில் வளர்ப்போர், வெள்ளவத்தைக் கால்வாய் கடலிற் கலக்குமிடத்திலும் கொட்டாஞ்சேனையை அடுத்த துறைமுகத்திலும் தொட்டிக்கு நீர் எடுத்தலாகாது.

இம்மீனின் முட்களில் விஷமுண்டு, கையால் ஊட்டற்க. குத்தினால், அவ்விடத்தைப் பொறுக்கக்கூடிய சூட்டிலுள்ள வெந்நீரில் அமிழ்த்தி, தாமதமின்றி வைத்தியசாலைக்குச் செல்க.