லண்டன் ஸ்காட்டிஷ் பட்டாளம்

1859-ம் வருஷத்தில், பிரெஞ்சுச் சக்கரவர்த்தி மூன்றாம் நெப்போலியன் படையெடுத்து வருவான் என்ற பீதி இங்கிலாந்தைப் பிடித்து ஆட்டிற்று. நிரந்தர சேனையில் கணிசமான பகுதி கடல் கடந்த நாடுகளில் இருந்தது. அவ்வாண்டு மே மாதத்தில், தொண்டர் துப்பாக்கிப் படைகள் திரட்டுவதற்கு யுத்த இலாகா அனுமதி அளித்தது. அனுமதி அளித்ததே ஒழியப் பணம் அளிக்கவில்லை. துப்பாக்கியையும் உடுப்பையும் சேருகிறவர்களே தங்கள் செலவில் தேடிக்கொள்ள வேண்டுமென்பது நிபந்தனை. இந்த நிபந்தனையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

லண்டனில் குடியேறி உத்தியோகமும் வியாபாரமும் செய்துவந்த ஸ்காட்லாந்துக்காரர்கள் அந்த நிபந்தனைக்கு உட்பட்டே முன்வந்தனர். லண்டன் ஸ்காட்டிஷ் என்ற பட்டாளம் பிறந்தது. முதல் தளபதி எல்கோ பிரபு. ஸ்காட்லாந்தின் ஒவ்வொரு குலத்திற்கும் தனித்தனிக் கட்டம் போட்ட கம்பளி உண்டு. ஒரு குலத்தின் கட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் மற்றக் குலத்தார் முகம் சுளிப்பார்கள். எல்கோ எந்தக் கட்டத்தையும் ஏற்கவில்லை. குடியானவர்கள் உடுத்திய முரட்டுச் சாம்பல் நிறக் கம்பளியையே உடுப்பாக்கினார். அந்த நிறம் எதிரியின் கண்ணுக்கும் எளிதில் படாது என்பது அவருடைய இரண்டாவது வாதம். வழக்கமான காலாட்படை அப்போது சிவப்புச் சட்டையில் ஜொலித்துக்கொண்டிருந்தது. பெரிய சேனாதிபதிகளுக்கு எட்டாத விவேகம் ஒரு தொண்டர் படைத் தலைவருக்கு எட்டியதில் நமக்கு வியப்பில்லை.

1908-ல் தொண்டர் படைகள் பிரதேச சேனையாகத் திருத்தி அமைக்கப்பட்டன. அதைச் செய்த யுத்த மந்திரி ஹால்டேன், நம்மைப் போல வக்கீல் தொழிலிலிருந்து வந்தவர். உள்நாட்டுப் பாதுகாப்பே இச்சேனையின் கடமை. சம்மதமின்றி எவரையும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. 1914-ல் லண்டன் ஸ்காட்டிஷ் அந்தச் சம்மதத்தைத் தந்து, செப்டம்பரில் பிரான்ஸுக்குக் கப்பலேறிற்று. குமாஸ்தாக்களும் வழக்கறிஞர்களும், சந்தா செலுத்திச் சேர்ந்தவர்கள், சாதாரணச் சிப்பாய்களாக அணிவகுத்தனர்.

சில வாரங்கள் ரயில் நிலையங்களிலும் ஆஸ்பத்திரி வேலைகளிலும் அவர்களைச் சிதறவிட்டிருந்தனர். அக்டோபர் கடைசியில் இப்ரே அருகில் ஜெர்மானியர் நெருக்கவே, அவசரமாக ஒன்று சேர்த்து, லண்டன் தெருக்களில் ஓடிய மோட்டார் பஸ்களிலேயே போர்முனைக்கு ஏற்றிச் சென்றனர். 31-ந் தேதி, பெல்ஜியத்தில் மெஸீன் மேட்டில், குதிரையை விட்டிறங்கிப் போராடிக்கொண்டிருந்த குதிரைப்படைக்குத் துணையாக நிறுத்தப்பட்டனர். போரில் இறங்கிய முதல் பிரதேசக் காலாட்படை அதுவே.

அவர்கள் கையில் கொடுத்திருந்த துப்பாக்கி எப்படிப்பட்டது? பழைய லீ-என்பீல்டு, மழுங்கிய முனைத் தோட்டாவுக்காகச் செய்தது. புதிய கூர்முனைத் தோட்டாவைச் சுடுவதற்கென்று அதைத் திருத்தியிருந்தார்கள். ஆனால் தோட்டா அடுக்கும் பெட்டி புதிய தோட்டாவுக்குப் பொருந்தவில்லை. அடுத்த தோட்டா குழலுக்குள் ஏறாமல் சிக்கிற்று. தோட்டாவை ஒவ்வொன்றாகக் கையால் திணித்துச் சுட வேண்டியதாயிற்று. நிலவு வெளிச்சத்தில் அலை அலையாக வந்த எதிரியை இவ்விதம் சுட்டுக்கொண்டும், அது போதாதபோது துப்பாக்கி முனை ஈட்டியால் குத்திக்கொண்டும் இரவு முழுவதும் நின்றார்கள். எழுநூற்றுக்கு மேற்பட்டவர்களில் ஏறக்குறைய நானூறு பேர் மாண்டும், காயமுற்றும், காணாமலும் போயினர். மறுநாள் மேடு கைவிட்டுப் போயிற்று. ஆனால் எதிரி அணியைப் பிளந்து ஊடுருவவில்லை.

லண்டன் பத்திரிகைகள் அவர்களைப் புகழ்ந்து தள்ளின. புகழ் முற்றிலும் தகும். ஆயினும் நாம் கேட்கிறோம்: சுட்டுப் பார்த்திருந்தால் ஒரு மணி நேரத்தில் வெளிப்பட்டிருக்கக் கூடிய குறையை உயிர் கொடுத்தா கண்டறிய வேண்டும்? 1859-ல், உங்கள் துப்பாக்கியை நீங்களே கொண்டு வாருங்கள் என்றது சர்க்கார். 1914-ல் சர்க்காரே துப்பாக்கி கொடுத்தது. அதுவோ இந்த லட்சணம். தொண்டனிடம் கூலி பேச வேண்டியதில்லை என்பதனால் கணக்கும் காட்ட வேண்டியதில்லை என்று எண்ணிவிடுகிறார்கள் போலும்!

அன்று காயமுற்றவர்களில் ஒருவர், பிற்காலத்தில் சினிமாவில் பேர்பெற்ற ரொனால்ட் கோல்மன். இரண்டாவது மகாயுத்தத்தில், 1944 ஜனவரியில், இத்தாலியில் டாமியானோ மலைமுகட்டில் இப்பட்டாளத்தின் சிப்பாய் ஜார்ஜ் மிட்செல் உயிர் நீத்து விக்டோரியா கிராஸ் விருதைப் பெற்றார். பின்னர் சிக்கனம் வந்தது. பட்டாளம் சுருங்கி, 1990-களில் லண்டன் ரெஜிமெண்டின் ஒரு கம்பெனியாயிற்று. 2022-ல் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் பட்டாளத்தைச் சேர்ந்ததாக அது மாற்றப்பட்டது. அக்கம்பெனிக்கு இட்ட பெயர் மெஸீன்.